சிறைப்புறம்

துறைச் சிறப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று துறைத் தலைவர் அவர்கள் பணித்தபோது, என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலைச் சுருக்கித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். மலர்களுக்கு எழுதும் ஆசிரியர் பலரும் அறிந்த எளிய வழி அது. அவ்வாய்வேடு குறுந்தொகையில் கேட்போர் பற்றியது. செய்யுளின் உறுப்புகளாக 34 உறுப்புகளை எண்ணும் தொல்காப்பியர், கூற்றினை ஓர் உறுப்பாகக் கொண்டது போலவே கேட்போரையும் ஓர் உறுப்பாகக் கொள்கின்றார். சொல்பவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்பவரும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றார் என்பது அதன் கருத்து. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதனை விரிவாக எழுதிப் பட்டமும் பெற்றேன். ஆயினும் அது எனக்கு உண்மையில் விளங்கியது 2021ஆம் ஆண்டில், எங்கள் வீட்டு நடுக்கட்டு மாடத்தில் இருந்த தீப்பெட்டியளவு கருவி ஒன்றினால். ஆதலின் ஆய்வேட்டை விடுத்து அக்கருவியைப் பற்றியே எழுதுகின்றேன். இலக்கியம் எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டியோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் தென்கோடிக் கடலோர ஊர். பெயர் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும். வீடுகள் தெருவில் தொடங்கிப் பின்முடுக்கில் முடியும் நீண்ட வீடுகள். முன்கூடம், முற்றம், நடுக்கட்டு, அடுக்களை, பின்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு இடையில் ஒரே சுவர்தான். ஆண்கள் தெருவழியே வருவர். பெண்கள் முடுக்குவழியே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவர். மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே இருப்பது எங்கள் பக்கத்து வழக்கமாதலால், நாற்பதைக் கடந்த பின்னும் நான் உம்மாவுடனேயே இருக்கின்றேன்.

உம்மாவுக்கு வானொலி என்பது பொழுதுபோக்கு அன்று, நாளின் அளவுகோல். எங்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பாதித் தொலைவுதான். 1925ஆம் ஆண்டின் இறுதியில் ஒலிபரப்பத் தொடங்கிய அந்நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பு எங்கள் கரையில் உள்ளூர்ப் பேச்சைப்போல் தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜாவின் விரைவும், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவும், அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் அறியாத அடுக்களை எங்கள் தெருவில் இருந்ததில்லை. நான் தமிழ் படிக்க வந்ததற்கு முதற்காரணம் எந்த ஆசிரியர் என்று மாணவியர் கேட்பதுண்டு. உண்மையைச் சொன்னால் லகர ழகர ளகர வேறுபாட்டை நான் முதலில் கற்றது ஒரு மரப்பெட்டியிடம்தான். அப்பெட்டி 1978இல் வாப்பா வாங்கியது. அதனுடன் அஞ்சலகத்தில் பெற்ற உரிமப் புத்தகமும் அலமாரியில் இன்னும் உள்ளது. கேட்பதற்கே அரசிடம் உரிமம் பெற்று ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. இக்கால மாணவர்க்கு இது கதைபோல் தோன்றலாம்.

2017ஆம் ஆண்டில் சருக்கரை நோய் உம்மாவின் விழித்திரையைத் தாக்கியது. சிகிச்சைக்குப் பின்னும் ஆள் நடமாட்டத்தைக் கண்டுகொள்ளும் அளவு பார்வையே எஞ்சியது. செய்தித்தாள் போயிற்று. வார இதழ் போயிற்று. மனப்பாடமாக இருந்த சூராக்கள் நிலைத்தன, வானொலியும் நிலைத்தது. ஆனால் அந்த வானொலியும் அக்காலத்து வானொலியாக இல்லை. உம்மா விரும்பிக் கேட்ட நிகழ்ச்சிகள் பலவும் மெல்ல மெல்லக் கைப்பேசிக்குள் குடிபெயர்ந்துவிட்டன. பெட்டியில் கிடைத்தவையும் முன்கூடத்துச் சாளரத்தின் ஓரத்தில் மட்டுமே கிடைத்தன. உம்மாவின் பகல் முழுதும் கழிவதோ அடுக்களையிலும் பின்கட்டிலும்.

கைப்பேசியைக் கையில் கொடுத்துப் பார்த்தோம். வழுக்கும் கண்ணாடியில் பார்வையற்ற விரல் எங்கே அழுத்தும்? நள்ளிரவில் துபாயில் உள்ள காக்காவுக்கு மும்முறை அழைப்புப் போயிற்று. ஊரில் என்ன நேர்ந்ததோ என்று அவர் பதறியதுதான் மிச்சம். பிறகு கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்று வாங்கினோம். அதனை இயக்கியவுடன் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ அறிவிக்கும். “இவ யாரு?” என்று உம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார்கள். அவர்கள் மறந்து கேட்கவில்லை. அழையாமல் வீட்டுக்குள் வந்தவளை ஏற்க மறுத்தே கேட்டார்கள். அன்றியும் அதனை நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் என்னையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. நான் கல்லூரியில் இருப்பேன்.

“எனக்குத் திருகுற பெட்டி போதும்” என்றார்கள். அச்சொல்லில் இருந்த வேதனை எனக்குச் சில நாள் கழித்தே உறைத்தது. பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தம் கையாலேயே திறந்து தம் கையாலேயே மூடும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள்.

வழி சொன்னவன் ராத்தாவின் மகன். மின்னணுவியல் பட்டயம் பயின்றவன். “சாச்சி, காருக்குள்ள பாட்டுக் கேட்க எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்னு ஒண்ணு விக்குது. அதை வீட்டுல வச்சா என்ன?” என்றான். 2019இல் திருநெல்வேலியில் ஒரு கடையில் அதனைக் கேட்டபோது, “என்ன கார் வச்சிருக்கீங்க?” என்றார் கடைக்காரர். எங்களிடம் கார் இல்லை. விலை நானூறு ரூபாய்க்கும் குறைவு. காரில் சுருட்டுப் பற்றவைக்கும் துளையில் செருகுவதற்கென்றே செய்யப்பட்ட அதற்கு, பன்னிரண்டு வோல்ட்டு அடாப்டர் ஒன்றை ராத்தா மகன் பொருத்திக் கொடுத்தான். கைப்பேசியில் காதுகுழல் செருகும் துளையிலிருந்து ஒரு கம்பி அதற்குள் செல்லும். கைப்பேசியில் எது ஒலித்தாலும் அக்கருவி அதனைப் பண்பலையாக்கிச் சுற்றிலும் சில அடித் தொலைவுக்குப் பரப்பும். வீட்டில் உள்ள எந்த வானொலிப் பெட்டியையும் அதே எண்ணில் வைத்துக் கேட்கலாம். அகில இந்திய வானொலியின் செயலியில் வரும் நிலையங்கள், இணையத்தில் வரும் இலங்கை ஒலிபரப்பு ஆகிய அனைத்தும் பழைய பெட்டிக்குள் மீண்டும் வந்து சேர்ந்தன.

இது புதுமையான எண்ணமும் அன்று. 1930களின் இறுதியிலேயே அமெரிக்காவில், இசைத்தட்டுச் சுழலும் பெட்டியிலிருந்து கம்பியின்றி அடுத்த அறை வானொலிக்குப் பாட்டை அனுப்பும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. அத்தகைய சிற்றளவு ஆற்றலுக்கென அந்நாட்டு ஆணையம் 1938இல் தனி விதி வகுத்தது. பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை இவற்றைப் பயன்படுத்துவது குற்றமாக இருந்தது. பின்னர் இசைவளித்தபோதும் ஐம்பது நானோவாட்டுக்கு மேல் ஆகாது என்றனர். ஒரு வாட்டினை இரண்டு கோடிக் கூறிட்டால் அதில் ஒரு கூறு. ஒரு வீட்டுக்குள் பேசிக்கொள்ள அதுவே போதும் என்பது அவர்கள் கணக்கு.

அறிவியல் மாணவர் பொறுத்தால் பண்பலை பற்றியும் ஒரு சொல். சாதாரண வானொலி ஒலிக்கேற்ப அலையின் உயரத்தை மாற்றும். இடி மின்னலும் மின்விசிறியும் அவ்வுயரத்தையே கெடுப்பதால் கரகரப்பு உண்டாகும். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றும் முறையைக் கண்டு 1933இல் காப்புரிமை பெற்றார். பெருநிறுவனங்களோடு வழக்காடியே பொருளும் மனமும் தேய்ந்து 1954 ஜனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய மனைவியார் வழக்குகளை விடாமல் நடத்தி, 1967ஆம் ஆண்டளவில் கடைசி வழக்கிலும் வென்றார். கணவருடைய குரலைக் காத்த மனைவியர் வரிசையில் அவ்வம்மையாரையும் வைத்து நான் எண்ணுவதுண்டு. நம் நாட்டில் 1977இல் சென்னையில்தான் பண்பலை முதன்முதலில் ஒலித்தது.

இக்கருவிக்கு எண் தேர்வதுதான் கடினமான பகுதி. 88 முதல் 108 மெகாஹெர்ட்சு வரை உள்ள இடத்தில் எவரும் இல்லாத ஓரிடத்தை நாம் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பெட்டியைத் திருகித் திருகி ஒரு வெற்றிடத்தைக் கண்டு அங்கே குடியேறினோம். மாலையில் அவ்விடத்தில் சிங்களப் பாட்டு ஒலித்தது. பகலில் எட்டாத இலங்கை நிலையங்கள், பொழுது சாய்ந்து கடற்பரப்பின் மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும் வேளையில் வளைந்து எங்கள் கரைக்கு வந்துவிடுகின்றன. ஒரே எண்ணில் இருவர் பேசினால் பண்பலைப் பெட்டி இருவரையும் கலந்து தராது. வலியவரை மட்டும் தந்து மெலியவரை அடக்கிவிடும். எங்கள் கருவியோ மெலிவிலும் மெலிவு. மூன்று மாலைகள் முயன்று 88.5 என்ற எண்ணில் நிலைத்தோம்.

உம்மா சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கும் பின்கட்டுக்குமாக நடக்கத் தொடங்கினார்கள். வேண்டாதபோது திருகி நிறுத்தினார்கள். நான் கல்லூரிக்குப் புறப்படும்முன் ஒரு நிலையத்தை வைத்துவிட்டுப் போவேன். கேட்பதும் கேளாததும் அவர்கள் விருப்பம். வீட்டிலேயே ஒரு பழைய கைப்பேசியை அதற்கென ஒதுக்கும் வரையில் சில வேடிக்கைகளும் நடந்தன. விடுமுறை நாளொன்றில் என் கைப்பேசிக்கு வந்த செய்தியின் மணியொலி, செய்தி வாசிப்பின் நடுவே அடுக்களையில் ஒலிக்க, “காலேஜ்ல கூப்பிடுறாங்க” என்று உம்மா அங்கிருந்து குரல் கொடுத்தார்கள். ரமலானில் வேறொன்று கண்டார்கள். இணையம் வழியே வரும் ஒலிபரப்பு நேரடி ஒலிபரப்புக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் பிந்தியே வரும். சஹர் முடிவை அதை நம்பிக் கணக்கிட்டால் நோன்புக்கே பழுதாகிவிடும். “இந்த ரேடியோ நமக்குப் பின்னாடி நடந்து வருது புள்ளே, இதை நம்பி வாய் வைக்காதே” என்று எச்சரித்தார்கள். எனக்கு அதுவரை தோன்றவில்லை.

கொல்லை வரை கேட்கவில்லையே என்ற குறை மட்டும் இருந்தது. ஆற்றலைக் கூட்டும் சுற்று ஒன்றைச் சேர்க்கலாம் என்றான் ராத்தா மகன். நான் உடன்படவில்லை. பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் என்னும் சிற்றூரில், பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ராகவ் மகதோ என்னும் இளைஞர் தம் கையால் செய்த கருவியைக் கொண்டு ஊர் முழுமைக்கும் பண்பலை ஒலிபரப்பினார். ஊரார் கொண்டாடினர். உரிமம் இல்லை என்று 2006இல் அரசு அதனை நிறுத்திவிட்டது. அச்செய்தி என் நினைவில் இருந்தது. “கல்லூரி ஆசிரியை வீட்டில் அதிகாரி வந்து நிற்க வேண்டுமா?” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கருவியை முன்கூடத்திலிருந்து எடுத்து நடுக்கட்டு மாடத்தில் வைத்தான். குட்டையாக இருந்த கம்பியை மாற்றி நீண்ட கம்பி ஒன்றைப் பொருத்திச் சுவரோரமாக நீட்டிவிட்டான். கொல்லை வரை கேட்டது. ஆற்றலைக் கூட்டவில்லை அல்லவா என்று நானும் அமைதியுற்றேன். இவ்வகைக் கருவிக்கு அந்தக் கம்பியேதான் அலையை வீசும் வானலைக் கம்பி என்பதும், அதனை நீட்டுவதும் எல்லையை நீட்டுவதே என்பதும் எனக்குப் பின்னரே தெரியவந்தன. அது எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவர்.

இனி வாப்பாவின் ஒலிநாடாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாப்பா 1985 முதல் 1996 வரை ஜித்தாவில் பணிபுரிந்தார்கள். தொலைபேசியில் பேசுவதென்றால் பெருஞ்செலவு. அஞ்சற் கடிதமோ உம்மாவுக்கு நிறைவளிக்கவில்லை. அக்காலத்தில் வளைகுடாவில் இருந்த பலரும் செய்தது போலவே வாப்பாவும் ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். நாடா வந்த நாள் எங்களுக்குப் பெருநாள். முதற்பக்கம் எல்லோருக்கும் உரியது. சலாம் சொல்லி, இருமி, வாப்பும்மாவின் முழங்கால் வலியில் தொடங்கி என் கணக்குப் பாட மதிப்பெண் வரையில் வரிசையாக விசாரிப்பார்கள். பின்னணியில் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் ஓயாமல் கேட்கும். இரண்டாம் பக்கம் உம்மாவுக்கு மட்டும். பிள்ளைகள் உறங்கிய பின் ஒலியை மிகத் தணித்து, பெட்டியோடு காதை ஒட்டவைத்து உம்மா அதனைக் கேட்பார்கள். உறங்குவதுபோல் கிடந்து நான் உற்றுக் கேட்டதுண்டு. ஒரு சொல்லும் பிடிபட்டதில்லை. உம்மாவின் மூச்சு மட்டுமே கேட்கும்.

வாப்பா 2011இல் மறைந்தார்கள். பதினொரு நாடாக்கள் எஞ்சியிருந்தன. 2020இல் கல்லூரி மூடப்பட்டு வீட்டிலிருந்து வகுப்பெடுத்த மாதங்களில் அவற்றை எடுத்துப் பார்த்தோம். சிலவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. சிலவற்றில் நாடாவை அழுத்தும் பஞ்சு உதிர்ந்திருந்தது. ராத்தா மகன் பொறுமையாகத் துடைத்து, புதிய கூடுகளுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினான். இரண்டாம் பக்கங்களை ஏற்றும்போது ஒலியை அடைத்துவிட்டு, திரையில் அலைக்கோடுகள் ஓடுவதை மட்டும் பார்த்திருந்தான். உம்மா அவ்வாறு கட்டளையிட்டிருந்தார்கள். பணி முடிய 2021 பிறந்துவிட்டது.

கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது உம்மாவின் முகம் மலரவில்லை. “தகரத்துல பேசுற மாதிரி இருக்கு. ரேடியோவில் போடு” என்றார்கள். அவ்வாறே செய்தேன். முதற்பக்கங்களை அனைவரும் அமர்ந்து கேட்டோம். இரண்டாம் பக்கங்களுக்கு மஃரிபுக்குப் பிந்திய பொழுதை ஒதுக்கினோம். நான் கைப்பேசியில் ஓடவிட்டு, நடுக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். உம்மா அடுக்களைத் திண்ணையில் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர்களுடைய தனிமையைப் பேணுவதில் நான் அத்தனை கவனமாக இருந்தேன்! கதவைச் சாத்தினேன், மாடிக்கும் சென்றேன். அலைக்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை என்பதை மட்டும் நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அடுத்த வீட்டுப் பெரியம்மா முடுக்குவழியே வந்தார்கள். உம்மாவுக்கு நான்கு வயது மூத்தவர்கள். அவர்களுடைய கணவரும் வாப்பாவும் ஜித்தாவில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். அவர் 1994இல் அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கப்பட்டார். பெரியம்மா முகம் பார்க்கவில்லை.

வந்தவர்கள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலை மடித்தார்கள். பிறகு உம்மாவைப் பார்த்து, “ரெண்டு மூணு நாளா எங்க ரேடியோவுல உங்க வீட்டுக்காரர் சத்தம் வருது தங்கச்சி” என்றார்கள்.

உம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“முதல்ல எனக்குத்தான் புத்தி பேதலிச்சிருச்சோன்னு பயந்தேன். சிலோன் ஸ்டேஷன் தேடித் திருகுனேன், அதுல வந்துச்சு. நேத்து…” என்று நிறுத்தினார்கள். “நேத்து கடைசியில எங்க ஆளும் பேசுனாங்கள்ல?”

“ஆமா ராத்தா” என்றார்கள் உம்மா.

“அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லுவியா?”

இவ்வளவே நடந்த உரையாடல். அவர்கள் சென்ற பின் உம்மா என்னிடம் ஒரு நாள் முழுதும் பேசவில்லை. மறுநாள் பேசியபோது அவர்கள் சொன்ன செய்தி இது. முன்னாள் மாலை ஓடிய நாடா 1988இல் வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் அடுத்த வீட்டைப் பற்றி வாப்பா உம்மாவிடம் ஒன்று சொல்லி, அது எந்நாளும் பெரியம்மாவின் காதுக்குப் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது பழியன்று, ஓர் உதவி. செய்தவர் மறைத்துவைக்க விரும்பிய உதவி. அதைச் சொல்லி முடித்த சிறிது நேரத்தில், பணி முடிந்து அறைக்குத் திரும்பிய அவர், யாரிடம் பேசுகின்றீர்கள் என்று கேட்டு, தம் வீட்டுக்கும் சலாம் சொல்லச் சொல்லி, குழந்தைக்குச் சட்டை வாங்கியிருப்பதாகவும் சொல்கின்றார். நாற்பது நொடிப் பேச்சு. அவர் குரல் இவ்வுலகில் எஞ்சியிருப்பது அந்நாற்பது நொடிகளில் மட்டுமே.

“அவங்க ஆள் குரல் என் பெட்டிக்குள்ள இருக்குன்னு முப்பத்து மூணு வருஷமா எனக்குத் தெரியும் புள்ளே. அவங்க மவுத்தான அன்னைக்குப் போட்டுக் காட்டணும்னு துடிச்சேன். ஆனா அந்தப் பேச்சுக்கு ஒட்டுனாப்புல இது இருக்கே. உன் வாப்பா தந்த அமானிதம். சொல்லைக் காக்கணும்னு குரலையும் சேர்த்துப் பூட்டிட்டேன்” என்றார்கள். சற்றுப் பொறுத்து, “நீ திறந்துட்டே” என்றார்கள். அதில் சினம் இருந்ததா வேறொன்று இருந்ததா என்று என்னால் இன்றுவரை பிரித்தறிய இயலவில்லை.

அகப்பாடல்களின் அடியில் ‘தலைவன் சிறைப்புறமாகத் தோழி சொல்லியது’ என்பது போன்ற குறிப்புகளை மாணவர் கண்டிருப்பர். வேலிக்கு அப்பால் தலைவன் வந்து நிற்கின்றான். தோழி தலைவியிடம் பேசுகின்றாள். ஆனால் சொல் போய்ச் சேர வேண்டிய செவி வேலிக்கு வெளியே நிற்கின்றது. இந்தத் துறையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகின்றேன். முன்னிலைக் கேட்போர், சிறைப்புறக் கேட்போர் என்று ஆய்வேட்டில் அட்டவணையும் போட்டிருக்கின்றேன். தோழிக்கு அவன் அங்கே நிற்பது தெரியும் என்பதுதான் அத்துறையின் உயிர். எங்கள் வீட்டில் பேசியவர் மறைந்து பத்தாண்டு. அனுப்பியவள் மாடியில் இருந்தாள். கேட்க உரியவர் அடுக்களையில் இருந்தார்கள். சுவருக்கு அப்பால் ஒருவர் இருக்கின்றார் என்பதை எங்களில் ஒருவரும் அறியவில்லை. பெரியம்மா அந்நாடாவை எந்த இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. உதவியைப் பற்றிய பேச்சு அவர்கள் செவியில் விழுந்ததா, அல்லது கடைசி நாற்பது நொடிகள் மட்டுமே விழுந்தனவா? அவர்கள் அதைப் பற்றி ஒருபோதும் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அதுவே சொல்வதாகிவிடும். அவ்வுதவி யாதென்று நானும் உம்மாவிடம் கேட்டதில்லை.

அந்நாற்பது நொடிகளை மட்டும் தனியே நறுக்கித் தரும்படி ராத்தா மகனிடம் சொன்னோம். அலைக்கோட்டைப் பார்த்தே இடத்தைக் கண்டு, முன்பகுதியைக் கேளாமலே நறுக்கியதாகச் சொன்னான்; நான் நம்புகின்றேன். ஒரு சிறு கருவியில் போட்டுப் பெரியம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுவதாகவும் சொல்லிப் பார்த்தான். அவர்கள் வேண்டாம் என்றார்கள். “என் கையில இருந்தா நான் அதையே போட்டுக்கிட்டுக் கிடப்பேன் வாப்பா. அவங்க வர்ற நேரம்னு ஒண்ணு இருக்கட்டும். ரேடியோவுலயே வரட்டும்” என்றார்கள்.

அன்று முதல் வியாழன்தோறும் மஃரிபுக்குப் பின் ஏழு மணிக்கு 88.5இல் அந்நாற்பது நொடி ஒலிபரப்பு நடந்தது. கம்பியைக் குறைத்துப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டோம். கருவியை மட்டும் அன்று ஒரு பொழுது பொதுச்சுவரின் மாடத்தில் கொண்டுபோய் வைப்பேன். சுவருக்கு அப்புறம் பெரியம்மா பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்துக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் உம்மா, ஏழு அடிக்கச் சிறிது நேரம் இருக்கும்போதே, மடியில் பாடிக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டரைத் திருகி நிறுத்திவிடுவார்கள். அது அவர்கள் வீட்டுப் பேச்சு என்பார்கள். நானும் கைப்பேசியின் ஒலியைக் கேளாமல் முற்றத்தில் போய் நிற்பேன். நிலையம் நடத்துபவரும் கேளாத நிகழ்ச்சி ஒன்று உலகில் வேறெங்கும் உண்டா என்று நான் அறியேன்.

2023இல் பெரியம்மாவும் மறைந்தார்கள். அதன் பின்னரே, ஊரையும் பெயரையும் விடுத்து, இதனை எழுதத் துணிந்தேன்.

அதற்கடுத்த வியாழன்று ஒலிபரப்ப ஒன்றும் இல்லை. கருவி நடுக்கட்டிலேயே இருந்தது. உம்மாவின் மடியில் திருச்சி நிலையத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு அடிக்கச் சிறிது நேரம் இருக்கும்போது உம்மாவின் விரல்கள் திருகைத் தேடிச் சென்று அதனை நிறுத்தின. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் போல் இருந்துவிட்டு மீண்டும் திருகினார்கள். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார்.